படலையடியில் கேட்கிற கேள்விகள்: முன்பள்ளிக்குப் பிள்ளை அனுப்பும் வீட்டாருக்கு

மட்டக்களப்பு மாவட்டம் முடிந்து அம்பாறை மாவட்டம் தொடங்குகிற பெரியநீலாவணைப் பக்கத்தில் ஒரு முன்பள்ளியில் 13 வருடமாகப் படிப்பிக்கிறேன். வருடம் பிறந்தால் படலையடியில் அதே கேள்விகள்தான். அம்மாமார், உம்மாமார், அம்மம்மாமார், சில வேளை ஓட்டோக்காரத் தம்பியும் கேட்பார். பெற்றோர் கூட்டத்தில் விளக்கமாகச் சொல்லலாம் என்றால், அதிகம் கேட்பவர்கள் கூட்டத்துக்கு வராதவர்களாகவே இருக்கிறார்கள். அதனால் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். நேரமும் விதிகளும் எங்கள் முன்பள்ளியினுடையவை. உங்கள் பிள்ளை போகும் இடத்தில் கொஞ்சம் மாறும்.

மகனுக்கு ரெண்டரை வயசு முடிஞ்சிட்டு. இப்பவே சேத்தா என்ன ரீச்சர்?

மூன்று முடியட்டும். முதலாம் தரத்தில் சேர அந்த வருடம் ஜனவரி 31க்குள் 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அங்கிருந்து இரண்டு வருடம் பின்னால் எண்ணிப் பாருங்கள், எப்போது சேர்க்கலாம் என்று தெரிந்துவிடும். முந்திச் சேர்த்தால் பிள்ளை முந்திப் படித்துவிடாது. மூன்றாம் வருடமும் அதே பாட்டு, அதே முயல் கதை என்று அலுத்துப்போகும்.

வீட்டில் பார்க்க ஆளில்லை என்பதற்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால் அது வேறு விஷயம். அதற்கு வேண்டியது பகல் பராமரிப்பு நிலையம்.

எட்டு மணி எண்டா எட்டு மணிதானா? ஒரு கால்மணித்தியாலம் பிந்தினா என்ன?

எங்கள் காலை இப்படிப் போகும். 8 மணிக்கு வந்து செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்து, பையை ஆணியில் மாட்டி, விருப்பமான மூலையில் விளையாடலாம். 8.20க்குப் பிரார்த்தனை. பிறகு வட்டமாக இருந்து இன்று என்ன கிழமை, மழையா வெயிலா, யார் வரவில்லை என்று பேசுவோம். அப்புறம் கைவேலையோ கட்டை அடுக்குவதோ நடக்கும். 9.45க்குக் கை கழுவிச் சாப்பாடு. அதன் பின் முற்றம், மணல், ஊஞ்சல். கடைசியில் கதையும் பாட்டும். 11.30க்கு வீடு.

முதல் 20 நிமிடத்தில் நாங்கள் எதுவும் படிப்பிப்பதில்லை, உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில்தான் பிள்ளை தன் கூட்டாளியைத் தேடிப் பிடித்து, இடத்தோடு பழகிக்கொள்கிறது. பிந்தி வருகிற பிள்ளை வட்டம் கூடிவிட்ட இடத்துக்குள் வருகிறது. இருபது முகமும் திரும்பிப் பார்க்கும். பெரிய ஆட்களுக்கே அது கூச்சம். பிந்தி வரும் பிள்ளைகளில் அழுகை கூட இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காலையில் பிந்துவதை விட 11.30க்குக் கூட்டிப்போகப் பிந்துவது மோசம். எல்லோரும் போன பிறகு படலையையே பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளையை மறுநாள் உள்ளே கூட்டி வருவது பெரிய பாடு.

என்னென்ன சாமான் வாங்கணும்? கடையில பெரிய லிஸ்ட் ஒண்டு தந்தாங்க

அந்த லிஸ்டை நாங்கள் கொடுக்கவில்லை. ஒரு பை, பிள்ளையே திறந்து மூடக்கூடிய சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், மாற்று உடுப்பு ஒரு சோடி, சின்னத் துவாய் ஒன்று. எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். ஒரே நிறப் போத்தல் ஏழு வந்த வருடம் இருக்கிறது.

காற்சட்டை இலாஸ்டிக் வைத்ததாக இருக்கட்டும். கொக்கியும் சிப்பும் வைத்த வடிவான காற்சட்டைகள்தான் அதிகம் நனைகின்றன. அதைக் கழற்றத் தெரியாமல் பிள்ளை கழிவறை வாசலில் நின்றுவிடும்.

பம்பஸ் போட்டே அனுப்பலாமா?

முதல் மாதம் அனுப்பலாம், ஆனால் எங்களிடம் சொல்லி அனுப்புங்கள். பழக்க விரும்பினால் பகலில் வீட்டில் கழற்றிவிட்டு, எழும்பியதும், சாப்பிட்டதும், வெளியே போகும் முன்னும் கூட்டிப்போங்கள். நனைத்தால் ஏசாமல் மாற்றிவிடுங்கள். "ஒண்டுக்கு வருது" என்று சொல்ல உங்கள் வீட்டில் என்ன சொல் என்றும் சொல்லி வையுங்கள். ஒரு பிள்ளை இரண்டு நாளாக "தண்ணி, தண்ணி" என்றது. நான் போத்தலைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

விட்டுட்டுப் போனா கத்துக் கத்தெண்டு கத்துறா. எத்தின நாளைக்கு இப்பிடி?

பெரும்பாலும் மூன்று நாளிலிருந்து இரண்டு கிழமை. சில பிள்ளைகள் முதல் கிழமை சிரித்துக்கொண்டு வந்து இரண்டாம் கிழமை தொடங்கும். அது பின்னோக்கிப் போவதல்ல. இது ஒரு நாள் சுற்றுலா இல்லை, தினமும் வரவேண்டும் என்று அப்போதுதான் அதற்கு விளங்குகிறது. தொடர் விடுமுறைக்குப் பிறகும் ஒரு தடவை வரும்.

நீங்கள் செய்யக்கூடியது, முதலில், ஒளித்துப் போகாதீர்கள். பிள்ளை பொம்மையைப் பார்க்கிற நேரம் பின்னால் நழுவினால் அன்றைக்கு அழுகை குறையலாம். ஆனால் திரும்பிப் பார்த்தால் அம்மா காணாமல் போகலாம் என்று பிள்ளை படித்துவிடும். அதற்குப் பிறகு வீட்டில் குசினிக்குப் போகக்கூட விடாது. "போயிட்டு வாறன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லி, ஒரு கொஞ்சல் கொஞ்சிவிட்டுப் போங்கள். எப்போது வருவீர்கள் என்பதைப் பிள்ளையின் மணிக்கூட்டில் சொல்லுங்கள். "பதினொன்றரைக்கு" என்றால் விளங்காது. "ரீச்சர் கதை சொல்லி முடிய வருவன்" என்றால் விளங்கும். சொன்னால் வரவும் வேண்டும்.

இரண்டாவது, வேலியால் எட்டிப் பார்க்காதீர்கள். அழுகை அடங்க எங்களுக்குப் பத்து நிமிடம் போதும். வேலிக்கு மேலால் அப்பப்பாவின் தலை தெரிந்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். கவலையாக இருந்தால் 9 மணிக்கு எங்களுக்கு ஒரு கோல் எடுங்கள். உள்ளதைச் சொல்வோம்.

நான் கூடவே இருந்தா என்ன? மூலையில சும்மா இருப்பன்

முதல் இரண்டு நாள் இருக்கலாம். மூன்றாம் நாள் படலையோடு நின்றுகொள்ளுங்கள். மூலையில் சும்மா இருக்கிற அம்மாவை நான் இன்னும் காணவில்லை.

சாப்பாட்டுப் பெட்டியில என்ன வைக்கிற? பிஸ்கட்தான் தின்னுறான்

இடியப்பம், புட்டு, ரொட்டி, அவித்த பயறு, கடலை, சோளம், மரவள்ளிக் கிழங்கு, முட்டை, வாழைப்பழம், பப்பாசி. காலையில் வீட்டில் அவித்ததில் ஒரு கைப்பிடி போதும். அளவு கொஞ்சமாக இருக்கட்டும். பெரிய ஆளுக்கு வைக்கிற அளவு வைத்து, "மிச்சம் கொண்டு வந்திட்டான்" என்று கவலைப்படாதீர்கள். பக்கற்றில் வரும் முறுக்கு, சிப்ஸ், சோடா வேண்டாம். ஒரு பிள்ளை கொண்டு வந்தால் மற்ற இருபதும் அதையே கேட்டு அழும்.

முழுக் கச்சான், முழுத் திராட்சை, கொட்டையோடு றம்புட்டான் இவற்றைக் கட்டாயம் தவிருங்கள். நாலு வயதுக்குக் கீழே இவை தொண்டையில் அடைக்கக்கூடியவை. கச்சான் என்றால் இடித்து வையுங்கள், திராட்சையை நீளப்பாட்டில் வெட்டுங்கள். முள்ளுள்ள மீனும் வேண்டாம்.

எங்களிடம் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து சாப்பிடுகிறார்கள், பெட்டியையும் மாற்றிக்கொள்வார்கள். அதனால் இறைச்சி வேண்டாம் என்று விதி வைத்திருக்கிறோம். ஹலால் பிரச்சினையும் வராது, வெள்ளிக்கிழமைச் சைவப் பிரச்சினையும் வராது. நோன்பு மாதத்தில் இன்னொன்று. சஹருக்கு எழும்பிய களையில் பெரியவர்கள் படுத்துவிட, பிள்ளை வெறும் வயிற்றோடு வரும். அந்த மாதம் மட்டும் பிள்ளையின் காலைச் சாப்பாட்டை இரவே யோசித்து வையுங்கள்.

காசும் கட்டி, சும்மா விளையாடத்தான் விடுறீங்க. எப்ப எழுதப் பழக்குவீங்க?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது, கொஞ்சம் கோபத்தோடும் வருகிறது. ஒரு விஷயம் சொல்கிறேன். பெரிய ஆளின் மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன. மூன்று வயதில் அவற்றில் பாதிக்கு மேல் இன்னும் எலும்பாகவில்லை, குருத்தாகவே இருக்கின்றன. விரல்களின் தசையும் அப்படித்தான். அந்தக் கையில் பென்சிலைத் திணித்து 'அ' எழுது என்றால் பிள்ளை ஐந்து விரலாலும் பொத்திப் பிடித்து அமத்தும். அந்தப் பிடி பழகிவிட்டால் முதலாம் தரத்தில் மாற்றுவது கஷ்டம். அதோடு, 'அ' நெடுங்கணக்கில் முதலாவதாக வந்தாலும் எழுதுவதற்கு லேசானதல்ல. சுழி, வளைவு, கோடு மூன்றும் அதில் இருக்கின்றன. 'ட'வும் 'ப'வும் வெறும் கோடுகள்.

பிள்ளை களிமண் பிசைவதும், கடதாசி கிழித்து ஒட்டுவதும், மணி கோப்பதும், மணலில் விரலால் சுழி போடுவதும் எழுதுவதற்கான வேலைதான். இரண்டாம் வருடத்தில் தடித்த கலர்ப் பென்சில் கொடுப்போம். பெயரில் உள்ள எழுத்துகளைப் பெரும்பாலான பிள்ளைகள் தாங்களே எழுதக் கேட்பார்கள். அப்போது காட்டிக்கொடுப்போம். வீட்டில் நீங்கள் செய்ய விரும்பினால் கொப்பி வாங்க வேண்டாம். உள்ளி உரிக்க, கீரை ஆய, பயற்றில் கல் பொறுக்க, போத்தல் மூடி திருகப் பக்கத்தில் இருத்துங்கள். சமையல் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான்.

முதலாம் தரத்துக்கு அனுமதிப் பரீட்சை கிடையாது. அரசாங்கப் பாடசாலையில் வசிப்பிடம், சகோதரர் அங்கே படிப்பது, பெற்றோர் பழைய மாணவரா என்பது போன்றவற்றுக்குத்தான் புள்ளி. நூறு சொல் எழுதத் தெரிந்தாலும் அதற்கு ஒரு புள்ளியும் இல்லை. எழுத்தை முறையாகத் தொடங்குவது முதலாம் தர ஆசிரியரின் வேலை.

அங்கால உள்ள நேர்சரியில ஏ பி சி டி எல்லாம் சொல்லுதுகள், நூறு மட்டும் எண்ணுதுகள். எங்கட புள்ள?

நூறு வரை சொல்வது ஒரு பாட்டு. எங்களிடமும் ஒரு பிள்ளை அப்படிச் சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தது. "மூன்று கரண்டி எடுத்து வாங்கோ" என்றேன். இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தது. ஐந்து புளியங்கொட்டையைத் தொட்டுத் தொட்டு எண்ணி, ஒன்றை ஒளித்தால் "நாலு" என்று சொல்கிற பிள்ளைதான் எண்ணத் தெரிந்த பிள்ளை.

ஆங்கிலம் கெட்டதல்ல. பாட்டும் நாலைந்து சொல்லும் நாங்களும் பழக்குகிறோம். அம்பாறைப் பக்கம் சிங்களச் சொற்களும் விளையாட்டில் கலந்து வரும், நல்லதுதான். ஆனால் பிள்ளைக்குத் தன் வயிற்றுவலியை எந்த மொழியில் சொல்ல வருமோ அந்த மொழியில்தான் மூன்று வயதில் பேச வேண்டும்.

ஏடு தொடக்கல்ல. அதுக்கு முதல் பென்சில் பிடிச்சா குற்றமா?

பலர் விஜயதசமிக்குக் கோயிலில் ஏடு தொடக்குவார்கள். அது வரும் வரை உங்கள் பிள்ளை கிறுக்கக்கூடாது என்று விரும்பினால் சொல்லுங்கள். மணலும் களியும் கொடுத்து வைத்திருப்போம். நான் பார்த்த ஐயர்மார் யாரும் கிறுக்கலைக் குற்றம் என்று சொன்னதில்லை.

லேசான காய்ச்சல்தான். பனடோல் குடுத்திட்டு அனுப்பவா?

வேண்டாம். பனடோலின் வேலை நாலைந்து மணித்தியாலம். எட்டு மணிக்கு ஓடித்திரிகிற பிள்ளை பத்தரைக்கு மடியில் கிடக்கும். மருந்து இல்லாமலே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்புங்கள். எங்கள் பக்கத்தில் மழை தொடங்கினால் டெங்கும் தொடங்கும். காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் இரத்தம் பார்க்க வேண்டும். பனடோல் தவிர வேறு காய்ச்சல் மருந்தோ நோமருந்தோ டொக்டர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம். டெங்கில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். "காய்ச்சல் விட்டிட்டு" என்று அன்றைக்கே கூட்டி வராதீர்கள். பிள்ளை சோர்ந்து கை கால் குளிர்ந்தால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸுக்குக் காசில்லை.

அம்மாள் வருத்தம் என்றால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கான பிறகு அனுப்புங்கள். கை, கால், வாயில் புண் வரும் வருத்தத்துக்கும் காய்ச்சல் விட்டுப் புண் காயும் வரை வீடு. பேனுக்கு நிற்கத் தேவையில்லை, ஈருகொல்லியால் வாரி அனுப்பினால் போதும். சேர்க்க வரும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். மூன்று வயது ஊசியைத் தவறவிட்ட பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் சொன்னால் எப்போது போடலாம் என்று சொல்வார்.

மத்தப் புள்ளைகள அடிக்கிறான், கடிக்கிறான் எண்டு சொல்றீங்க. வீட்ட அப்பிடி இல்லையே?

வீட்டில் அவன் ஒருவன், பொம்மையும் அவனுடையது. இங்கே ஒரு மூன்று சக்கரச் சைக்கிளுக்கு எட்டுப் பேர். சொல் வராத இடத்தில் பல் வருகிறது. "எனக்குத் தாங்க", "முடிய எனக்கு" என்ற இரண்டு வசனத்தை வீட்டிலும் விளையாட்டாகப் பழக்குங்கள். கடி வாங்கிய பிள்ளையின் வீட்டாரிடம் கடித்தது யார் என்று நாங்கள் சொல்வதில்லை. கேட்டுக் கோபிக்க வேண்டாம். பிள்ளைகளோ வீட்டுக்குப் போனதும் முதலில் அதைத்தான் சொல்கின்றன.

ரெண்டு போடுங்க ரீச்சர், நான் ஒண்டும் கேக்கமாட்டன். அடிச்சாத்தானே படிக்கும்?

போடமாட்டேன். நீங்கள் எழுதித் தந்தாலும் போடமாட்டேன். அடித்தால் அந்தக் கணம் அடங்கும். பிறகு நான் பார்க்காத நேரம் பார்த்துச் செய்யும். மேலே கடிக்கிற பிள்ளையைப் பற்றிச் சொன்னேன், அடித்து நிறுத்தப் பார்த்தால் கையால் செய்வதுதான் வழி என்று அவனுக்கு நாங்களே காட்டிக்கொடுக்கிறோம். எந்த முன்பள்ளியிலாவது உங்கள் பிள்ளைக்கு அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் நிர்வாகத்திடம் கேளுங்கள். சரிவராவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929.

அடைமழைக்கு முன்பள்ளி இரிக்கா?

நவம்பர், டிசம்பரில் எங்கள் பக்கம் வானம் பொத்துக்கொண்டால், வெள்ளம் கடலுக்கு வடியக் கல்லாற்று முகத்துவாரம் வெட்டினார்களா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பாடசாலைகளுக்கு விடுமுறை அறிவித்தால் எங்களுக்கும் விடுமுறை. அறிவிக்காவிட்டாலும் ஒழுங்கையில் தண்ணீர் நின்றால் அனுப்ப வேண்டாம். வராத நாளுக்குக் கணக்குப் பார்க்கமாட்டோம்.

2004 டிசம்பர் 26ஐப் பார்த்த அம்மம்மாமார் கடல் இரைந்தாலே பிள்ளையைக் கூட்டிப்போக ஓடி வருவார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. வாருங்கள், கூட்டிப்போங்கள். ஆனால் சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள்.

வேற ஆக்கள் வந்தா புள்ளைய விடுவீங்களா?

சேரும்போது எழுதித் தந்த மூன்று பேரைத் தவிர யாரிடமும் விடமாட்டோம், மாமா என்றாலும் சரி. அவசரம் என்றால் முதலில் கோல் எடுத்துச் சொல்லுங்கள். ஓட்டோ என்றால் எத்தனை பிள்ளை ஏற்றுகிறார் என்று ஒரு நாள் நீங்களே நின்று எண்ணிப் பாருங்கள்.

நாங்க பிரிஞ்சி இரிக்கம். வாப்பா வந்தா குடுக்க வேணாம்

இதற்குப் பதில் சொல்லும்போது எனக்கே மனம் சரியில்லாமல் போகும். நீதிமன்றக் கட்டளை இருந்தால் பிரதி தாருங்கள், அதன்படி நடப்போம். வாயால் மட்டும் சொன்னால், பெற்ற தகப்பனை மறிக்க எனக்கு அதிகாரம் இல்லை. உடனே உங்களுக்குக் கோல் எடுப்பேன், பிள்ளைக்கு முன்னால் சண்டை வராமல் பார்ப்பேன். பிள்ளையிடம் "வாப்பா வந்தாரா, என்ன கேட்டார்" என்று நான் விசாரிக்கமாட்டேன். நீங்களும் கேட்கவேண்டாம்.

மூண்டரை வயசாகியும் பேச்சு சரியா வரல்ல. "ஆம்புளப் புள்ள, பிந்தித்தான் வரும்" எண்டு மாமி சொல்றா

மாமி சொல்வது சில பிள்ளைகளுக்குச் சரிவரும். ஆனால் காத்திருந்து பார்க்கிற விஷயமல்ல இது. மூன்று வயதில் மூன்று நாலு சொல் சேர்த்துப் பேசவும், வெளி ஆட்களுக்கு அது பெரும்பாலும் விளங்கவும் வேண்டும். இல்லையென்றால் முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி காதில் சீழ் வருகிற பிள்ளைக்குப் பேச்சுப் பிந்தலாம். மிட்வைஃபிடம் சொல்லி, கிளினிக் மூலம் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனைக்கோ போங்கள். நான் டொக்டர் இல்லை, பெயர் சொல்லி எந்த வருத்தமும் சொல்லமாட்டேன். ஆனால் இருபது பிள்ளைக்குள் ஒன்று வேறுவிதமாக இருந்தால் எனக்குத் தெரியும். சொன்னதும் கோபித்துக்கொண்டு முன்பள்ளியை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து அதே சொல்லை இன்னொரு ரீச்சரிடம் கேட்டார்கள். போனது அந்த ஒரு வருடம்.

பெப்ரவரியில பிறந்தவ. மூண்டாம் வருசமும் இதே வகுப்பா?

முதல் கேள்வியில் சொன்ன ஜனவரி 31 கணக்கில் சில கிழமையால் தவறுகிற பிள்ளைகள் இவர்கள். முதலாம் தரம் போகும்போது ஆறை எட்டிவிடுவார்கள். அதனால் நஷ்டமில்லை, ஆனால் இங்கே மூன்று வருடம் இருத்தாமல் மூன்றே முக்கால், நாலு வயதில் கொண்டு வந்து சேருங்கள்.

வருசக் கடைசிக் கலைவிழாவுக்கு உடுப்புத் தைக்க நாலாயிரம் கேக்காங்க. அவ மேடையில ஏறமாட்டன் எண்டு நிக்கா

ஏறாவிட்டால் விடுங்கள். கீழே இருந்து கை தட்டட்டும். எங்களிடம் போன வருடம் சேலைத்துண்டும் கடதாசிக் கிரீடமும்தான் உடுப்பு. கறுத்த அங்கியும் தொப்பியும் போட்டு ஐந்து வயதுக்குப் பட்டமளிப்பு வைப்பது எனக்குப் பிடிக்காத விஷயம், அதற்குக் கடன் எடுத்த வீட்டையும் கண்டிருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் வாய் திறந்து கேட்டால்தான் இது குறையும்.

அவட அம்மா கட்டார்ல. எனக்கு எழுத வாசிக்கத் தெரியா. கொப்பியில நீங்க எழுதி விடுறத ஆர் பாக்கிற?

எழுதி விடமாட்டேன், அம்மம்மா. வாய்ச்செய்தியாக அனுப்புகிறேன், ஒன்று உங்களுக்கு, ஒன்று மகளுக்கு. இங்கே 11.30 என்றால் கட்டாரில் காலை 9. அவருக்கு வேலை விடும் நேரம் கேட்பார். நீங்கள் வாசிக்கத் தேவையில்லை. பேத்தி இன்று என்ன பாட்டுப் படித்தாள் என்று கேளுங்கள், உங்களுக்குத் தெரிந்த கதையைச் சொல்லுங்கள். எங்களிடம் கதை நன்றாகக் கேட்கிற பிள்ளைகளில் பாதி அம்மம்மாமார் வளர்க்கிறவர்கள்.

வீடியோ கோலைக் காலையில் எடுக்கவேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே முன்பள்ளிக்கு வந்தால், முன்னே சொன்ன அழுகை முதல் நாளிலிருந்து தொடங்கும். பின்னேரம் ஆறு மணி நல்லது, அங்கே மூன்றரை. போன் நம்பர் மாறினால் மட்டும் எனக்குச் சொல்லுங்கள். போன வருடம் ஒரு பிள்ளை சாப்பிட்டது, அழுதது, சிரித்தது எல்லாவற்றையும் மூன்று மாதமாக யாரோ ஒருவருக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அவரும் ஒவ்வொன்றுக்கும் "சந்தோசம் ரீச்சர்" என்று பதில் போட்டிருக்கிறார்.